ஐம்பத்து நான்கு சன்னல்கள்

பதினோராம் கீழ்த்தளத்தில் அன்று காலை சூரியன் உதிக்கவில்லை.

மங்கையர்க்கரசி அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டில் உதித்திருக்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அங்கேயும் ஒளிச்சுவர் கறுத்துத்தான் கிடந்தது. அவளுக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது. இல்லாமை ஊருக்கெல்லாம் பொது என்று தெரிந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளும் பக்குவம் மனிதருக்குத் தானாக வந்துவிடும். அதற்கு எந்தக் கிரகமானால் என்ன?

சற்று நேரத்தில் கூரையிலிருந்து அறிவிப்பு வந்தது. "பராமரிப்புப் பணி காரணமாக ஒன்பது முதல் பதின்மூன்று வரையுள்ள கீழ்த்தளங்களில் இன்று சூரியன் மதியம் இரண்டு மணிக்கு உதிக்கும். சிரமத்திற்கு வருந்துகிறோம்."

"ரெண்டு மணிக்கு உதிச்சு என்னத்துக்கு? நேரா உச்சியில வந்து நிக்கச் சொல்லு," என்றான் உள்ளேயிருந்து அவள் கணவன் ஆவுடையப்பன்.

செம்மண்ணூர் என்பது செவ்வாய்க் கிரகத்தின் தோலுக்கு அடியில் குடைந்த ஊர். மேலே இருக்கிற காற்று மூச்சுக்கு ஆகாது. கதிர்வீச்சோ தலைக்கு ஆகாது. ஆகவே மனிதர்கள் எலிகளைப்போல் வளை தோண்டிக்கொண்டார்கள். எலிகளுக்குத் தெரியாத ஒரு காரியமாக, வளைகளுக்குத் தளவாரியாக எண் போட்டு, எண்ணுக்குத் தகுந்த மரியாதையும் வைத்துக்கொண்டார்கள். முதல் கப்பலில் வந்தவர்களில் பாதிப் பேர் தாமிரபரணிக் கரைக்காரர்கள். மூன்று தலைமுறையில் அவர்களுடைய எலும்பு மெலிந்தது, உயரம் கூடியது, நாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு ஒரு ஒளிச்சுவர் உண்டு. மேற்பரப்பில் வைத்திருக்கும் படக்கருவிகள் வானத்தைப் பிடித்து அனுப்பும். சுவர் அதைக் காட்டும். செவ்வாயில் பகல் வானம் பழுப்பாக இருக்கும், சூரியன் அடையும்போது நீலமாகிவிடும். அந்த நீல அந்தியை மங்கை தினமும்தான் பார்த்தாள். ஆனால் சுவரின் கீழ்ப்பகுதியில் பாசிமாவு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். அவள் பார்த்த சூரியன் இதுநாள் வரை பாசிமாவுப் பொட்டலத்துக்குள்தான் அஸ்தமித்திருந்தது.

செவ்வாயிலேயே பிறந்து நாற்பத்து நான்கு வயதாகியும் அந்த நீலத்தைத் தன் சொந்தக் கண்ணால் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பதுதான் அவளுடைய குறை. தரைக்கு மேலே தலை நீட்டியிருந்த முதல் தளத்தில் அறுபத்து நான்கு வீடுகளுக்கு மட்டும் உண்மையான சன்னல் இருந்தது. ஒரு முழம் தடிமனுள்ள கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் செவ்வாய். அவளுடைய அம்மாவும் அந்தச் சன்னல் வீட்டுக்கு மனுப் போட்டாள். வரிசையில் நின்றபடியே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது பதினேழாம் எண் வீடு காலியாகியிருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது பூமி மரபுப் பேணல் வாரியம். இங்கே பிறந்த பிள்ளைகள் பூமியை மறந்துவிடுவார்கள் என்ற பயத்தில் உண்டாக்கிய வாரியம் அது. பூமியிலிருந்து கொண்டுவந்த பொருள் ஒன்றை மூன்று தலைமுறை முழுமையாகக் காப்பாற்றி வைத்திருக்கும் குடும்பத்துக்கே சன்னலில் முன்னுரிமை என்பது அதன் விதி. விதி வந்த மறுநாளே செம்மண்ணூரில் எல்லாருக்கும் முப்பாட்டன்மேல் பாசம் பொங்கிவிட்டது. பரணில் கிடந்த இட்லிக் கொப்பரைக்கெல்லாம் பொட்டு வைத்தார்கள்.

மங்கையிடம் இருந்தது ஒரு சிற்றுரு ரயில். அவளுடைய அம்மாவின் பாட்டனார் சுடலைமுத்து பூமியில் ரயில் பெட்டிகளைப் பரிசோதிக்கும் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் அதை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பிறகு மகன் செவ்வாயில் வேலைக்கு வந்தான். கைக்குழந்தையாக இருந்த மங்கையின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அப்பாவை வரவழைத்துக்கொண்டான். ஆளுக்கு ஏழு கிலோ சுமைதான் அனுமதி. அதில் மூன்று கிலோ இந்த ரயில். ஓர் எஞ்சின், மூன்று குளிர்சாதனப் பெட்டிகள். பெட்டி ஒவ்வொன்றும் முழங்கை நீளம். பெட்டிக்குப் பதினெட்டாக மொத்தம் ஐம்பத்து நான்கு சன்னல்கள்.

அந்த ஐம்பத்து நான்கும் பால் தெளித்ததுபோல் மங்கிக் கிடந்தன.

போன வாரம் வாரியத்தின் சான்றலுவலர் குழைக்காதர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவருடைய இடது கண் பிறவிக் கண் அல்ல, சான்றுக்கண். ஒரு பொருளைப் பார்த்த மாத்திரத்தில் அது எங்கே செய்தது, எத்தனை வயது என்று சொல்லிவிடும். ரயிலுக்கு வயது எண்பத்தொன்று, பூமியில் செய்தது, எல்லாம் சரி. ஆனால் அவர் எழுதிவைத்துவிட்டுப் போன குறிப்பு இப்படி இருந்தது: 'சன்னல்கள் மங்கல். உள்ளே இருக்கைகளும் பயணிகளும் உள்ளனரா என எண்ண இயலவில்லை. முழுமை நிரூபிக்கப்படவில்லை. முப்பது நாள் அவகாசம்.'

சூரியன் வராத அந்தக் காலையில் முப்பதில் எட்டு நாள் போயிருந்தது.

"ஏட்டி, இது பசையோட ஆவி," என்றான் ஆவுடையப்பன், ஒரு பெட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து. "உள்ள சீட்டை ஒட்டினாம் பாத்தியா, அந்தப் பசை காயும்போது ஆவி வந்து கண்ணாடியில படிஞ்சிருக்கு. நல்லாத் தேய்ச்சாப் போயிரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்." ஆவுடையப்பன் காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தான். காற்றில் வருகிற எதுவும் தன் இலாகா என்பது அவன் எண்ணம்.

மூன்றாம் பெட்டியின் கடைசிச் சன்னலைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். பல் துலக்கும் மாத்திரையை அரைத்துக் குழைத்து, துணியில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தாள் மங்கை. அவள் கை ஓய்ந்ததும் வீட்டு ஏவலி பிச்சாண்டி தேய்த்தது. அதிகம் பேசுகிறது என்று மூன்று வீடுகளில் திருப்பி அனுப்பப்பட்ட இயந்திரம் அது. நாலாவதாக இங்கே வந்து, பேசினால் திருப்பி அனுப்புவார்கள் என்பதைக் கற்றுக்கொண்டு, கேட்டால் மட்டும் பதில் சொல்லும் வழக்கத்துக்கு வந்திருந்தது. ஒரு மணி நேரம் தேய்த்த பிறகும் மங்கல் போகவில்லை. மங்கலுக்கு ஒரு மினுமினுப்பு வந்திருந்தது.

அடுத்த நாள் தேங்காய் எண்ணெய். பூசியதும் கொஞ்சம் தெளிந்தது. மங்கை கைகொட்டிச் சிரித்தாள். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் பழைய பால். அதிகாரி வருகிற அன்று வாசல் மணி அடித்த பிறகு எண்ணெய் தடவினால் என்ன என்றுகூட அவளுக்கு யோசனை போயிற்று. ஐம்பத்து நான்கு சன்னலுக்கும் தடவி முடிப்பதற்குள் அவர் பூமிக்கே போய்த் திரும்பிவிடுவார்.

கடைசியில் பூமியில் இருந்த சிற்றுரு ரயில் அன்பர் குழு ஒன்றுக்குச் செய்தி அனுப்பினாள். அந்த வாரம் செய்தி போய்ச்சேரப் பதினைந்து நிமிடம், வரப் பதினைந்து நிமிடம். மறுநாள் காலைக்குள் முப்பத்தொரு பதில்கள் வந்து குவிந்திருந்தன. முதலாமவர் பசையின் ஆவிதான் காரணம் என்றார். இரண்டாமவர் பசைக்கு ஆவியே கிடையாது என்றார். மூன்றாமவர், இரண்டாமவருக்குப் பசையும் தெரியாது பண்பும் தெரியாது என்றார். நாலிலிருந்து பத்தொன்பதுவரை, குழுவை முதலில் தொடங்கியவர் யார் என்ற தகராறு. இருபதாமவர் மட்டும் உருப்படியாக, பழைய சன்னலைப் பெயர்த்துவிட்டுப் புது நெகிழித் தகட்டை வெட்டிப் பொருத்தச் சொல்லியிருந்தார். மீதிப் பதினொன்றும் ரோஜாப்பூப் படம் போட்ட காலை வணக்கங்கள்.

"புதுசா வெட்டிப் போட்டுருவமா?" என்றான் ஆவுடையப்பன்.

"அந்த ஆளுக்குக் கண்ணு ஒண்ணு இருக்கே, மறந்துட்டியளா? நேத்து வெட்டினதுன்னு உடனே சொல்லிப்புடும். அப்புறம் சன்னலும் கிடையாது, இருக்க மானமும் கிடையாது."

இப்படியே இருபத்தாறு நாள் ஓடிவிட்டது. மங்கைக்குச் சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் பாசிமாவுப் பொட்டலத்தில் சூரியன் இறங்கிக்கொண்டிருக்க, அவள் ரயில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏவலியிடம் சும்மா கேட்டாள்: "ஏய் பிச்சாண்டி, இது என்ன எழவுதான் இது?"

"மெல்லிய ஒட்டுப்படலம் அம்மா," என்றது பிச்சாண்டி.

"என்னது?"

"சன்னலின் மேல் ஒட்டியிருக்கும் காப்புப் படலம். தடிமன் தலைமுடியில் பாதி. தொழிற்சாலையில் கீறல் விழாமல் இருக்க ஒட்டுவார்கள். வாங்கியவர் உரித்துவிட வேண்டும். உரிக்காததால் பழுத்து மங்கிவிட்டது. அடியில் கண்ணாடிக்குக் குறை ஒன்றும் இல்லை."

ஆவுடையப்பன் உள்ளேயிருந்து எழுந்து வந்தான்.

"இதை ஏம்லே இருபத்தாறு நாளாச் சொல்லலை?" என்றான் ஆவுடையப்பன்.

"'தேய்' என்றீர்கள். தேய்த்தேன். 'இது என்ன' என்று அம்மா இன்றுதான் கேட்டார்கள்."

பிச்சாண்டி தன் சுண்டுவிரல் முனையிலிருந்து ஊசிபோன்ற ஒன்றை நீட்டி, ஒரு சன்னலின் மூலையில் கொடுத்து நெம்பியது. வெங்காயச் சருகுபோல் ஒரு துண்டு எழும்பிக் கையோடு வந்தது. அதன் கீழே கண்ணாடி, அன்றுதான் தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோலப் பளிச்சென்று இருந்தது.

மங்கை சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "உரிக்கவே இல்லையா! ஏங்க, உரிக்கவே இல்லையாங்க! ரயில்காரரு, ரயிலை மடியில வச்சிக்கிட்டு இத்தனை கோடி மைலு தாண்டி வந்தாரு. சன்னல் மேல இருந்த காகிதத்தை உரிக்க மனசு வரலை! எண்பது வருசம்! அதைத் தொட்டாலே எங்க அம்மா கையில அடிப்பா. விருந்தாளி வந்தாக் காட்டணும்னு வச்சிருந்தா. எதைக் காட்ட, அழுக்கையா? இப்படியும் ஒரு கிறுக்கு மனுசங்க இருந்திருக்காங்களே!"

ஐம்பத்து நான்கையும் உரித்தார்கள். உள்ளே நீல நிற மெத்தை இருக்கைகள் தெரிந்தன. மேல் படுக்கையில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கினார். தேநீர்த் தூக்குடன் ஒருவர் நடைவழியில் நின்றார். ஒரு பெண் தலையில் பூ வைத்துக்கொண்டு, கன்னத்தில் கை ஊன்றிச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்க்கவென்றே செய்து உட்காரவைத்த பொம்மை. எண்பத்தொரு வருடம் கழித்து அவள் முதல்முறையாக வெளியே பார்த்தாள். கண்டது ஆவுடையப்பனின் மூக்கு.

மங்கை அந்தக் கதையைப் பதினோராம் தளம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தங்கள் ஒளிச்சுவர் இயக்கியைப் போட்டிருந்த உறையிலிருந்து எடுக்காமலே அமுக்கி, சுவரைப் போட்டுப் பார்த்தார்கள்.

இருபத்தெட்டாம் நாள் குழைக்காதர் வந்தார். குட்டையான, வியர்த்த மனிதர். மங்கை மேசையில் வெள்ளைத் துணி விரித்து ரயிலை நிறுத்திவைத்திருந்தாள். அவர் குனிந்தார். சான்றுக்கண் 'கிர்ர்' என்று சுழன்றது. நிமிர்ந்தபோது அவர் முகம் செத்த வீட்டுக்கு வந்தவர் முகமாக இருந்தது.

"உறை எங்கம்மா?"

"எந்த உறைங்க?"

"சன்னல் மேல ஒட்டியிருந்துதே."

"உரிச்சிட்டோம் அண்ணாச்சி! அதான் மங்கலா இருந்துது. இப்பப் பாருங்க, கண்ணாடி மாதிரி…"

"கண்ணாடி மாதிரிதான் இருக்கு. அதாம்மா தப்பு." குழைக்காதர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இதுவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு பொருளுக்குச் சான்று குடுத்திருக்கேன். நானூத்தி ஒம்பதுல உறை இருக்கு. தொலைக்காட்சி ரிமோட்டுன்னா பிளாஸ்டிக் கவருக்குள்ள. பெட்டின்னா மேல தைச்ச துணி. ஒரு வீட்டுல பீங்கான் தட்டு ஆறு, வைக்கோலுக்குள்ளருந்து வெளியவே எடுக்கலை. இன்னொரு வீட்டுல கைக்கடியாரம், முள்ளு மேல ஒட்டின தாளோட. நேரம் தெரியாது, ஆனா அசல்."

"மிச்சம் மூணு?"

"விசாரணையில இருக்கு."

"அண்ணாச்சி, இது என்ன நியாயம்? மங்கல்னு நீங்கதான எழுதினீங்க?"

"மங்கல்னுதான் எழுதினேன். உரிங்கன்னு எழுதினேனா? பல்லு மஞ்சளா இருக்குன்னு சொன்னா, புடுங்கிக் கையில கொண்டாந்து குடுப்பீங்களா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நாலாம் தளத்துல போலி செய்யுதாங்கம்மா. பூமிச் சாமான் எங்கருந்தோ வாங்கிட்டு வந்து முப்பாட்டன் சொத்துங்குதான். கண்ணு வயசைத்தான் சொல்லும், வீட்டைச் சொல்லாது. அப்ப நாங்க எதை வச்சுக் கண்டுபிடிக்க? உறையை வச்சுத்தான். நம்ம ஆளு வாங்கின சாமான்னா உரிச்சிருக்க மாட்டான். உரிச்சிருந்தா அது நம்ம ஆளு சாமான் இல்லை. வாரியத்தோட மொத்த விஞ்ஞானமே அதுதாம்மா."

மங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. சன்னல் மறுபடியும் பத்துத் தளம் மேலே போய்விட்டதுபோல் இருந்தது. "எங்க அம்மா இந்த வரிசையில நின்னுதான் செத்தா," என்றாள். "ஒரே ஒரு தடவை அந்த நீலத்தைப் பாத்துட்டாப் போதும்னு சொல்லிக்கிட்டே செத்தா. எனக்கும் அவ்வளவுதான் வேணும்."

குழைக்காதர் கெட்டவர் இல்லை. ரயிலைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு, "உரிச்ச உறையைத் தூரப் போட்டுட்டியளா?" என்றார்.

"இல்லை," என்றது மூலையில் நின்ற பிச்சாண்டி. "பூமி நெகிழியைத் தனியே சேர்க்க வேண்டும் என்பது குப்பை விதி. ஐம்பத்து நான்கு துண்டுகள் இருக்கின்றன. எந்தத் துண்டு எந்தச் சன்னலுக்கு என்பதும் தெரியும்."

"அப்பச் சரி." குழைக்காதருக்கு உயிர் வந்தது. "இப்பத் தெளிவா இருக்கையில உள்ள உள்ளதை நான் எண்ணி எழுதிக்கிடுதேன். நீங்க எல்லாத்தையும் பழையபடி ஒட்டி வைங்க. நாளன்னைக்கு வந்து மங்கலா இருக்குன்னு பாத்துட்டுச் சான்று குடுத்துருதேன். விதிக்கு விதியும் ஆச்சு, உங்களுக்குச் சன்னலும் ஆச்சு."

அவர் மூக்கு கண்ணாடியில் முட்ட எண்ணினார். பயணிகள் முப்பத்தொன்பது, தேநீர்க்காரர் ஒருவர், இருக்கைகள் குறைவின்றி உள்ளன.

அடுத்த இரண்டு நாளும் மங்கையும் ஆவுடையப்பனும் பிச்சாண்டியும் சோற்றுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, இடுக்கியால் துண்டு துண்டாக எடுத்து, கொப்புளம் விழாமல் ஒட்டினார்கள். சன்னலோரப் பெண்ணின் முறை வந்தபோது மங்கையின் கை கொஞ்சம் தயங்கியது. "ரெண்டு மூணு நாளாவது பாத்தாளே, போதும்," என்று சொல்லிவிட்டு ஒட்டினாள்.

குழைக்காதர் சொன்னபடி வந்தார். சான்றுக்கண்ணால் ஐம்பத்து நான்கையும் தடவினார். மூன்றாம் பெட்டியின் கடைசிச் சன்னலில் நின்றார். "இந்த உறையில மட்டும் வட்டம் வட்டமாக் கீறல் இருக்கே."

பல் மாத்திரை என்று சொல்ல ஆவுடையப்பன் வாயெடுத்தான். மங்கை அவன் காலை மிதித்தாள்.

"பழங்காலத்துல யாரோ சின்னப்புள்ளை வெளையாடியிருக்கு," என்று தானே முடிவு செய்துகொண்டு, குழைக்காதர் எழுதினார்: 'உறையில் தலைமுறைத் தடயம் காணப்படுகிறது. மிகவும் அசல்.'

சான்று வந்தது. பத்தாம் நாள் பதினேழாம் எண் வீட்டின் சாவியும் வந்தது.

ஏறுபெட்டியில் பத்துத் தளமும் மேலே போகும்போது மங்கை ஆவுடையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான். சூரியன் அடைய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவள் வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஒளிச்சுவரில் ஒத்திகை பார்த்து, நீலம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துவைத்திருந்தாள்.

கதவைத் திறந்தார்கள். எதிர்ச்சுவரில் ஆறடி நீளத்துக்குச் சன்னல். அது பால் தெளித்ததுபோல் மங்கிக் கிடந்தது.

மங்கை நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வாங்க மதினி, வாங்க," என்று பின்னாலேயே ஒரு கிண்ணத்தில் சுண்டலோடு வந்தாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். வெள்ளைத் தலை, கனத்த உடம்பு, நாற்பது வருடமாக முதல் தளத்தில் குடியிருப்பவள். "பதினேழுக்கு ஆள் வந்துட்டுன்னு இப்பத்தான் சொன்னாவ. சன்னல் எப்படி? அருமையா இருக்கா?"

"இது… இது என்ன மதினி, ஒண்ணுமே தெரியலை?"

"அதுவா? கண்ணாடி மேல உறை. பூமியில செய்யும்போதே ஒட்டி அனுப்பினது. புழுதிப் புயல்ல கீறல் விழாம இருக்க வெளியவும் ஒண்ணு போட்டிருந்தாவளாம். அது காத்துலயே பிஞ்சு போயிட்டு. உள்பக்கத்து உறை அறுபத்து நாலு வீட்டுலயும் அப்படியே இருக்கு. ஒரு வீட்டுல ஒரு மூலை கிழிஞ்சிருக்கா, சொல்லுங்க பாப்போம்!"

"அப்ப நாப்பது வருசமா நீங்க வெளிய பாத்ததே இல்லையா?"

"வெளிச்சம் வருதுல்லா?" என்றாள் பேச்சியம்மாள், கொஞ்சம் மனவருத்தத்தோடு. "பகல்ல வெள்ளையா வரும், சாயங்காலம் லேசா நீலமா வரும். பாக்கணும்னா உள்ள ஒளிச்சுவர் இருக்கு, போட்டுப் பாக்க வேண்டியதுதான."

பிச்சாண்டி சன்னலின் வலது மூலையில் குனிந்து, பொடி எழுத்தில் இருந்ததைக் கேட்காமலே வாசித்தது: "'பொருத்தியபின் உரிக்கவும்.'"

மங்கைக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. அந்த ரயில்காரர்மேல் சிரித்த சிரிப்பெல்லாம் இப்போது கோபமாக வந்தது. "உரிங்க!" என்றாள் கணவனிடம். "இந்த நிமிசமே உரிங்க! நாப்பது வருசமாம்! வெக்கமா இல்லை?"

ஆவுடையப்பன் வாயிலிருந்த சுண்டலை விழுங்கிவிட்டு, நகத்தைக் கொடுத்து மூலையைக் கிளப்பினான். சுண்டல் தின்ற கை வழுக்கியது. இரண்டாம் தடவை பிடி கிடைத்தது. படலம் உள்ளங்கை அகலத்துக்கு முக்கோணமாக மேலெழும்பியது.

அந்த முக்கோணத்தில் நீலம் நின்றது.

மங்கை மண்டியிட்டு ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். செந்நிற மேடுகள், அவற்றுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வெள்ளைச் சூரியன், அதைச் சுற்றி, எந்த ஒளிச்சுவரும் காட்டாத ஒரு நீலம். அடுப்பில் எரிகிற நீலம் இல்லை, துணியில் இருக்கிற நீலம் இல்லை. கீழே பாசிமாவு இல்லை. சூரியன் மேடுகளுக்குப் பின்னால்தான் இறங்கியது.  "அம்மா," என்றாள்.

"இருட்டப் போவுது. முழுசா உரிச்சிரட்டா?" என்றான் ஆவுடையப்பன், முக்கோணத்தின் கண்ணாடியில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு.

மங்கை பதில் சொல்லக் கண்ணைப் பின்னால் எடுத்தாள். அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தாள். இதுவரை அதன் வழியாகத்தான் பார்த்திருந்தாள். அறுபது வருடமாக எவர் விரலும் படாத கண்ணாடி. ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. தண்ணீரைத் தகடாக அடித்து நிறுத்தியதுபோல் இருந்தது. பதினேழாம் எண் வீட்டுக் கண்ணாடி. அவள் வீட்டுக் கண்ணாடி. முக்கோணத்தின் நட்டநடுவில் இப்போது எண்ணெய்ப் பசையோடு ஒரு கட்டைவிரல் ரேகை.

"கையை எடுங்க!"

ஆவுடையப்பன் திடுக்கிட்டுக் கையை எடுத்தான்.

"சுண்டல் தின்ன கையை அப்படியே வச்சிருக்கியளே, அறிவிருக்கா? இன்னும் குடியே வரலை, அதுக்குள்ள…" அவள் சேலைத் தலைப்பால் அந்த ரேகையை ஒற்றி ஒற்றி எடுத்தாள். வாயால் ஊதி, மறுபடி ஒற்றினாள். பிறகு எழும்பி நின்ற படலத்தை மெல்ல இழுத்து, ஓரத்திலிருந்து உள்ளங்கையால் நீவி, ஒரு கொப்புளம் விழாமல் ஒட்டினாள். பத்து நாளைக்கு முன் ஐம்பத்து நான்கு தடவை செய்த வேலை. கை நன்றாகப் பழகியிருந்தது.

"ஏட்டி, நீதான உரிக்கச் சொன்ன?"

"சொன்னேன். இப்பச் சொல்லலை. புதுசா இருக்கட்டும்." அவள் குரலில் கோபம் அடங்கி, ஒரு வீட்டுக்காரியின் கண்டிப்பு வந்திருந்தது. "நாலு பேரு வந்து பாக்குற வீடு. வந்த அன்னிக்கே பழசாக்கணுமா?"

"அதான் மதினி, அதான்," என்றாள் பேச்சியம்மாள் மனம் குளிர்ந்து. "இப்பத்தான் நீங்க முதல் தளத்து ஆளு."

மங்கை இரண்டு அடி தள்ளி நின்று சன்னலை மேலும் கீழும் பார்த்தாள். மூலையில் படலம் இன்னும் சற்றே தூக்கி நின்றது. அந்த விளிம்பில் அதற்குள் தூசி இரண்டு பொட்டு ஒட்டியிருந்தது. அவள் முகம் சுருங்கியது.

"பிச்சாண்டி, அளவு நாடாவை எடு."

"எதற்கு அம்மா?"

"இந்த உறையில தூசி படியுது பாரு. இதுக்கு மேல போட ஒரு துணி உறை தைக்கணும்."

ஏவலி நாடாவின் ஒரு முனையைப் பிடித்தது, ஆவுடையப்பன் மறுமுனையைப் பிடித்தான். நீளம் ஆறடி, அகலம் நாலரை. பூப்போட்ட துணியாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றாள் பேச்சியம்மாள். மடித்துத் தைக்க ஓரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளச் சொன்னாள் மங்கை. நீலத்தின் நேரத்தைக் குறித்துவைத்திருந்த துண்டுத்தாளின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டிருந்தபோது, வெளியே சூரியன் முழுதாக அடைந்துவிட்டது.